புது வக்கீல்களுக்கு: கோட், கழுத்துப்பட்டை, கவுன் வாங்குவதும் அணிவதும்

என்ரோல்மென்ட், அதாவது பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவாகிற தேதி கைக்கு வந்ததும் சட்டம் முடித்தவர்கள் முதலில் கேட்பது எந்த சீனியரிடம் சேரலாம் என்றுகூட இல்லை, கோட்டும் கவுனும் எங்கே வாங்குவது, எப்படி இருந்தால் சரி என்றுதான். வீட்டில் யாராவது வக்கீலாக இருந்தால் கவலை இல்லை, அவர்களே கடைக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். முதல் தலைமுறையாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை, கேட்கவும் கூச்சம். காலேஜில் ஐந்து வருடமோ மூன்று வருடமோ படித்ததில் ஒரு மணி நேரம்கூட யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், தமிழ்நாடு, புதுச்சேரி கோர்ட்டுகளை மனதில் வைத்து.

முதலில் விதி என்ன என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் விதியைப் படிக்காமல் ஆளுக்கு ஒன்று சொல்வதால் வருவது. வழக்கறிஞர் உடை பற்றிய விதி, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் ஆறாம் பகுதி, நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49-ஆவது பிரிவின் கீழ் போட்டது. மொத்தமே ஒரு பக்கம்தான், ஒரு முறை வாசித்துவிடுங்கள். ஆண்களுக்கு இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, கழுத்துவரை பட்டன் போட்ட கறுப்புக் கோட், அல்லது அச்கன், ஷெர்வானி மாதிரி நீண்ட மேலுடை. இன்னொன்று, முன்பக்கம் திறந்த கறுப்புக் கோட், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காலர். இரண்டுக்கும் கழுத்தில் கட்டி முன்னால் தொங்குகிற வெள்ளைக் கழுத்துப்பட்டையும், கோட்டுக்கு மேல் போடுகிற கவுனும் உண்டு. கீழே பேன்ட் வெள்ளை, கறுப்பு, சாம்பல், கோடு போட்டது எதுவும் இருக்கலாம். வேட்டியும் கட்டலாம். ஜீன்ஸ் கூடாது என்று விதியிலேயே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது.

இப்போது எந்த கோர்ட்டுக்கு எது. சென்னை ஐகோர்ட்டிலும் மதுரைக் கிளையிலும் ஆஜராகும்போது சட்டை, கழுத்துப்பட்டை, கோட், கவுன் எல்லாமே வேண்டும். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாலும் அப்படியே. மாவட்ட கோர்ட், செஷன்ஸ் கோர்ட், சிட்டி சிவில் கோர்ட் என்றால் கோட்டும் கழுத்துப்பட்டையும் கட்டாயம், கவுன் உங்கள் விருப்பம். அதற்குக் கீழே உள்ள முன்சீப் கோர்ட், மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் கழுத்துப்பட்டைக்குப் பதிலாகக் கறுப்பு டை கட்டிக்கொள்ளலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. ஆனால் நம் ஊரில் டை கட்டி வருகிறவர்கள் குறைவு, எல்லாரும் கழுத்துப்பட்டையோடுதான் வருவார்கள், நீங்களும் அப்படியே போங்கள். காலையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு ஜாமீன் மனு, அது முடிந்ததும் செஷன்ஸில் ஒரு வாய்தா என்று இருக்கும் நாளில் டையை அவிழ்த்து கழுத்துப்பட்டை மாட்ட நேரம் இருக்காது.

தீர்ப்பாயங்கள் விஷயத்தில்தான் ஒரு குழப்பம் இருந்தது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் 2017-இல் தன் முன் ஆஜராகிற வக்கீல்கள் கவுன் அணிந்தே வர வேண்டும் என்று ஒரு உத்தரவு போட்டது. அதை எதிர்த்து வந்த வழக்கில் சென்னை ஐகோர்ட் 2023-இல் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. சுப்ரீம் கோர்ட்டும் ஐகோர்ட்டும் தவிர வேறெங்கும் கவுன் கட்டாயமில்லை என்பது பார் கவுன்சில் விதி, அதற்கு மேலே ஒரு தீர்ப்பாயம் தானாக உடை விதி போட முடியாது என்பது சாரம். ஆகவே நுகர்வோர் ஆணையமோ, தொழிலாளர் கோர்ட்டோ, கம்பெனி தீர்ப்பாயமோ, கோட்டும் கழுத்துப்பட்டையும் இருந்தால் போதும். கவுன் போடாததற்காக யாராவது முகம் சுளித்தால் மரியாதையாக இந்தத் தீர்ப்பைச் சொல்லலாம். ஆனால் ஜூனியராகப் போகிற முதல் வருடத்தில் இதற்காக வாதம் பண்ணிக்கொண்டிருக்காமல் பையில் ஒரு கவுன் வைத்திருப்பது நல்லது, உங்கள் சக்தியை கட்சிக்காரர், அதாவது வழக்கை உங்களிடம் கொடுத்தவர் கேஸுக்கு வையுங்கள்.

வெயில் காலம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். சுப்ரீம் கோர்ட், ஐகோர்ட் தவிர மற்ற கோர்ட்டுகளில் கோடையில் கறுப்புக் கோட் கட்டாயமில்லை என்று அதே அத்தியாயத்தின் கடைசியில் இருக்கிறது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் போதும். மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ மின்விசிறி மட்டும் சுற்றுகிற கோர்ட் ஹாலில் நின்றவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். ஐகோர்ட்டில் அந்தத் தளர்வு விதிப்படி கிடையாது, ஆனால் கோடையில் கவுனுக்கு மட்டும் விலக்கு தந்து சுற்றறிக்கை வருவது உண்டு. அதை பார் அசோசியேஷன், அதாவது வக்கீல்கள் சங்கத்தின் நோட்டீஸ் போர்டில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், வாட்ஸ்அப்பில் வருவது போன வருடத்துச் சுற்றறிக்கையாக இருக்கலாம். நாடு முழுக்க கோடையில் கோட்டே வேண்டாம் என்று கேட்டு 2022-இல் ஒரு மனு சுப்ரீம் கோர்ட் வரை போனது, பார் கவுன்சிலிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். 2024-லும் அதே கோரிக்கையை ஏற்கவில்லை. என் அபிப்பிராயத்தில் விதியை மாற்ற வேண்டும், குளிர்நாட்டுக்காரர்கள் தங்கள் ஊர்த் தட்பவெப்பத்துக்குப் போட்ட உடையை நாம் நம் வெயிலில் சுமக்கிறோம். ஆனால் மாறும்வரை விதி விதிதான். அதற்குள் உடம்பு தாங்குகிற மாதிரி துணி தேர்ந்தெடுப்பது நம் கையில் இருக்கிறது.

சரி, கடைக்குப் போவோம். சென்னையில் என்றால் பாரிமுனைப் பக்கம், ஐகோர்ட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் வக்கீல் உடை மட்டுமே தைத்து விற்கிற கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் மாவட்ட கோர்ட் வளாகத்துக்கு எதிரே ஒரு தையல்காரராவது இருப்பார், உள்ளூர் வக்கீல்கள் எல்லாருடைய அளவும் அவர் நோட்டில் இருக்கும். என்ரோல்மென்ட் சமயத்தில் கோட், கவுன், கழுத்துப்பட்டை மூன்றும் சேர்த்து ஒரே செட்டாக மலிவாகக் கொடுப்பார்கள். அந்த செட்டில் கழுத்துப்பட்டையும் கவுனும் பரவாயில்லை, கோட்தான் ஏமாற்றும். முழு பாலியஸ்டர் துணி, உள்ளே முழுக்க வழவழப்பான லைனிங், தோளில் பஞ்சு அட்டை, இப்படி ஒன்றை மாட்டிக்கொண்டு ஏசி இல்லாத கோர்ட்டில் பதினைந்து நிமிடம் நின்றால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கையில் காசு குறைவாக இருந்தால் கவுனில் மிச்சம் பிடியுங்கள், கோட்டில் பிடிக்காதீர்கள். கோர்ட் நாளெல்லாம் உங்கள் உடம்பில் இருக்கப்போவது கோட். கவுன் ஐகோர்ட் பக்கம் போகிற நேரத்துக்குத்தான்.

கோட் தைக்கக் கொடுக்கும்போது டெய்லரிடம் சொல்ல வேண்டியவை: அரை லைனிங் போதும், தோளில் அட்டை வேண்டாம் அல்லது மெல்லியதாக வையுங்கள், அக்குளில் கொஞ்சம் தாராளமாக விடுங்கள், உள்பக்கம் ஒரு ஆழமான பாக்கெட் வையுங்கள். துணி பருத்தி கலந்ததாக இருக்கட்டும். துணியை வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பாருங்கள், கடையின் டியூப்லைட்டில் கறுப்பாகத் தெரிவது வெயிலில் பார்த்தால் பழுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும். அளவு பார்க்கும்போது நேராக நின்று பார்த்தால் மட்டும் போதாது. ஒரு கேஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கி, இன்னொரு கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். அப்புறம் குனிந்து மேஜையிலிருந்து ஒரு புத்தகம் எடுக்கிற மாதிரி செய்யுங்கள். முதுகு இழுத்தால் கோட் சின்னது. கோர்ட்டில் நாம் செய்கிற வேலை இதுதான், போட்டோவுக்கு நிற்பதில்லை.

சட்டை வெள்ளை, முழுக்கை, பருத்தி. காலர் கெட்டியாக இருக்க வேண்டும், துவண்ட காலரில் கழுத்துப்பட்டை நிற்காது. வாங்கும்போதே மேல் பட்டனைப் போட்டுப் பாருங்கள். பட்டன் போட்டபிறகு காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் வாதாடும்போது தொண்டை நெரிகிற மாதிரி இருக்கும். உள்ளே பருத்தி பனியன் போட்டால் வியர்வை கோட்டுக்குப் போகாது. கோட்டின் ஆயுளும் கூடும்.

கழுத்துப்பட்டைதான் எல்லாரும் அலட்சியம் பண்ணுகிற பொருள், நீதிபதியின் கண் முதலில் விழுகிற இடமும் அதுதான். கழுத்தைச் சுற்ற ஒரு நாடா, முன்னால் தொங்குகிற இரண்டு வெள்ளைத் துண்டு. வாங்கும்போது இரண்டு துண்டும் ஒரே நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள், மலிவு ரகத்தில் ஒன்று அரை அங்குலம் நீண்டு நிற்கும். பின்னால் கொக்கி, ஒட்டுகிற வெல்க்ரோ, முடிச்சுப் போடுகிற நாடா என்று மூன்று வகை உண்டு. வெல்க்ரோ சுலபம், ஆனால் சில மாதத்தில் பஞ்சு ஏறி பிடிமானம் போய்விடும், அது விடுகிற நேரம் பெரும்பாலும் நீங்கள் எழுந்து நிற்கிற நேரமாக இருக்கும். நாடா வகைதான் நம்பகமானது. ஒன்று வாங்கி நிறுத்தாதீர்கள், நான்கைந்து வாங்குங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. துவைத்து, சொட்டு நீலம் விட்டு, லேசாகக் கஞ்சி போட்டு, ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்பே இஸ்திரி போடுங்கள். கஞ்சி அதிகமானால் அப்பளம் மாதிரி விறைத்து மடிப்பில் ஒடிந்த கோடு விழும். இஸ்திரி போட்டதைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைக்காமல் டைரிக்கோ ஏதாவது ஒரு கனமான சட்டப் புத்தகத்துக்கோ நடுவில் வைத்தால் மடிப்புக் கலையாது.

கவுன் வாங்கும்போது கடைக்காரரிடம் தெளிவாக ஜூனியர் கவுன், அதாவது அட்வகேட் கவுன் என்று சொல்லிக் கேளுங்கள். சீனியர் அட்வகேட் என்று வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16-ஆவது பிரிவில் ஐகோர்ட்டோ சுப்ரீம் கோர்ட்டோ அறிவித்தவர்களின் கவுன் வெட்டே வேறு, கைப்பகுதி வேறு மாதிரித் தொங்கும். சில கடைகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கும். அழகாக இருக்கிறதே என்று தெரியாமல் எடுத்துவிட வாய்ப்பு உண்டு. நீளம் முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்காலின் நடுவரை இருந்தால் சரியாக இருக்கும். அதற்கும் கீழே போனால் படி ஏறும்போது காலில் மிதிபடும், ஐகோர்ட்டில் படிகளுக்குப் பஞ்சமில்லை. பல கவுன்களில் இடது தோளுக்குப் பின்னால் ஒரு சின்னத் துணிப்பட்டி தொங்கும். கட்சிக்காரர் அதில் காசு போட்டுவிட்டுப் போவார் என்று ஒரு கதை வக்கீல்களிடையே ரொம்பப் பிரபலம். உடை வரலாறு எழுதியவர்கள் அதை துக்க முக்காட்டின் மிச்சம் என்கிறார்கள். இங்கிலாந்தில் 1685-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் இறந்தபோது பாரிஸ்டர்கள் துக்கத்துக்கு அணிந்த கறுப்பு அங்கி அப்படியே நிலைத்துவிட்டது என்று ஒரு சாராரும், 1694-இல் ராணி இரண்டாம் மேரி இறந்தபோது என்று இன்னொரு சாராரும் சொல்வார்கள். எப்படியும் கடையில் அந்தப் பட்டி சரியாகத் தைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், முதலில் பிரிவது அந்தத் தையல்தான்.

கவுனோடு இருக்கிற பெரிய தொல்லை, தோளிலிருந்து வழுக்குவது. வாதாடிக்கொண்டே ஒரு கையால் கவுனை மேலே இழுத்துக்கொண்டிருக்கிற ஜூனியர்களை எந்த கோர்ட் ஹாலிலும் பார்க்கலாம், பாவம், அவர்கள் கவனம் பாதி தோளில் இருக்கும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கோட் காலரைத் தூக்கி, அதற்கு அடியில் கழுத்துக்குப் பின்னால் நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பட்டன் தைக்கச் சொல்லுங்கள். கவுனின் கழுத்துப் பகுதியில் அதே இடத்தில் ஒரு நூல் வளையம் போடச் சொல்லுங்கள். கவுனை மாட்டியதும் வளையத்தை அந்தப் பட்டனில் கோத்துவிட்டு காலரை இறக்கிவிட்டால் வெளியே எதுவும் தெரியாது, கவுனும் நகராது. டெய்லருக்கு ஐந்து நிமிட வேலை. இது ஒன்றை மட்டும் செய்துகொண்டால்கூடப் போதும், கவுன் போட்டிருப்பதையே மறந்து பேசலாம்.

அணிகிற வரிசை இப்படி வரட்டும். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டு, காலரைத் தூக்கிவிட்டு, கழுத்துப்பட்டையின் நாடாவைக் காலருக்கு அடியில் சுற்றி, முடிச்சைப் பின்கழுத்தில் போடுங்கள். காலரை இறக்குங்கள். இரண்டு வெள்ளைத் துண்டும் மேல் பட்டனை மறைத்துக்கொண்டு நடுவிலிருந்து நேராக இறங்க வேண்டும், நாடா எந்தப் பக்கமும் எட்டிப்பார்க்கக் கூடாது. அப்புறம் கோட், அதன் பட்டனைப் போட்டுவிடுங்கள். கடைசியாகக் கவுன். கவுனுக்கு முன்னால் பட்டன் கிடையாது, திறந்தே இருக்கும். கோர்ட் ஹாலுக்குள் நீதிபதி அமர்ந்திருக்கும்போது உள்ளே நின்றுகொண்டு கவுன் மாட்டாதீர்கள், வராந்தாவிலேயே மாட்டிவிட்டு உள்ளே போங்கள். அகலமான கைப்பகுதி நாற்காலிக் கைப்பிடியிலும் கதவுத் தாழ்ப்பாளிலும் மாட்டும். உங்கள் கேஸ் நம்பர் கூப்பிட்டு அவசரமாக எழும்போது இது நிச்சயம் நடக்கும், ஆகவே உட்காரும்போதே கைப்பகுதியை மடிமேல் எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கு விதி இன்னும் கொஞ்சம் விரிவாகவே இருக்கிறது. முழுக்கைக் கறுப்பு ஜாக்கெட் அல்லது ரவிக்கை, வெள்ளைக் காலரோடு கழுத்துப்பட்டை. இல்லாவிட்டால் வெள்ளை ரவிக்கை, கழுத்துப்பட்டை, மேலே திறந்த கறுப்புக் கோட். புடவை, நீளப் பாவாடை, சுடிதார், சல்வார் எதுவும் அணியலாம். புடவை வெள்ளை, கறுப்பு அல்லது அடக்கமான நிறத்தில், பூவோ டிசைனோ இல்லாமல் இருக்க வேண்டும். துப்பட்டா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருந்தால் வெள்ளையோ கறுப்போ. பெண்கள் புடவைதான் கட்ட வேண்டும் என்று எந்தக் கோர்ட்டிலாவது யாராவது அறிவுரை சொன்னால் அது அவர்களுடைய சொந்த விருப்பம், விதியில் அப்படி இல்லை. இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பல தங்கைகள் இந்த ஒரு அறிவுரைக்குப் பயந்து முதல் வருடம் முழுக்கப் பழக்கமில்லாத புடவையோடு அல்லாடுகிறார்கள்.

புடவை கட்டுகிறவர்கள் முந்தானையை சிறிய மடிப்புகளாக எடுத்துத் தோளில் பின் குத்தி, கோட்டுக்கு உள்ளேயே விட்டுவிடுங்கள். கோட்டுக்கு வெளியே முந்தானை தொங்கினால் அதன் மேல் கவுன் உட்காராது. பட்டும் சரிகையும் வேண்டாம், காட்டன் அல்லது மெல்லிய கலப்புத் துணி. சட்டைக் காலர் இல்லாததால் கழுத்துப்பட்டையைத் தனியாக மாட்டினால் நகர்ந்துகொண்டே இருக்கும். இதற்கென்றே வெள்ளைக் காலரும் பட்டையும் சேர்த்துத் தைத்தது கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள், கழுத்தளவு பார்த்து வாங்குங்கள். கோட்டைப் பொறுத்தவரை ஆண்களுக்குத் தைத்ததில் சின்ன அளவைத் தூக்கிக் கொடுப்பார்கள், தோள் இறங்கி கை நீண்டு நிற்கும். மறுத்துவிட்டு அளவெடுத்துத் தையுங்கள், அதிலும் பாக்கெட் வைக்கச் சொல்ல மறக்க வேண்டாம். பெண்கள் கோட் என்றாலே பாக்கெட் இல்லாமல் தைப்பது டெய்லர்களின் பழக்கமாக இருக்கிறது, போனும் பேனாவும் எங்கே வைப்பது?

வேட்டி பற்றி ஒரு வார்த்தை. விதி வேட்டியை அனுமதிக்கிறது, சென்னையின் பழைய வக்கீல்கள் பஞ்சகச்சமும் கோட்டும் தலைப்பாகையுமாகத்தான் வாதாடினார்கள். ஐகோர்ட்டுக்குள் இருக்கும், சென்னை ஐகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலையைப் போய்ப் பாருங்கள், தலைப்பாகையோடு வெறுங்காலோடு அமர்ந்திருப்பார். 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பில் வேட்டி கட்டி வந்தார் என்று ஐகோர்ட் நீதிபதி ஒருவரையே உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். சட்டசபை அதே வருடம் சட்டமே இயற்றி அந்த மாதிரித் தடைகளை நீக்கியது. ஆகவே வெள்ளை வேட்டி, மேலே வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, கோட் என்று வருவதற்குத் தயங்க வேண்டாம். நன்றாகக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இடுப்பு பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜீன்ஸ் விஷயத்தில் மட்டும் சோதித்துப் பார்க்காதீர்கள். 2023 ஜனவரியில் கௌஹாத்தி ஐகோர்ட்டில் ஜீன்ஸ் போட்டு வந்த ஒரு வக்கீலை நீதிபதி போலீஸை அழைத்து வளாகத்துக்கு வெளியே அனுப்பச் சொன்னார், அவர் வந்த வழக்கு தள்ளிப்போனது. அது ஒரு முன்ஜாமீன் மனு. வக்கீலுக்கு ஒரு நாள் அவமானம், ஆனால் கைதாகிவிடுவோமோ என்று காத்திருந்த கட்சிக்காரருக்கு? உடை விஷயத்தை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துப் பேசுவதற்கு இதுதான் காரணம். நம் உடையில் குறை இருந்தால் அதன் பலனை அனுபவிக்கிறவர் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்.

எங்கே அணியக் கூடாது என்பதும் விதியிலேயே இருக்கிறது, இதைத்தான் அதிகம் மீறுகிறோம். வக்கீல் கோர்ட்டுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் என்ற பகுதியின் ஏழாவது விதி, கோர்ட் தவிர்த்த பொது இடங்களில் கழுத்துப்பட்டையோ கவுனோ அணியக் கூடாது என்கிறது. பார் கவுன்சிலோ கோர்ட்டோ குறிப்பிடுகிற விசேஷ நிகழ்ச்சிகள் மட்டும் விலக்கு. போலீஸ் ஸ்டேஷனுக்கு, சார்பதிவாளர் அலுவலகத்துக்கு, டீக்கடைக்கு, பஸ்ஸில், பைக்கில் எல்லாம் கழுத்துப்பட்டையைக் கழற்றி உள்பாக்கெட்டில் வைத்துவிடுங்கள், அந்த ஆழமான பாக்கெட் இதற்குத்தான். வருவாய் அலுவலகத்தில் ஒரு மேல்முறையீட்டை அதிகாரி விசாரணை நடத்திக் கேட்கிறார், நீங்கள் வக்காலத்து போட்டு வாதாடுகிறீர்கள் என்றால் அது வேறு, அங்கே கோட்டும் கழுத்துப்பட்டையும் முறைதான். அதே அலுவலகத்துக்குப் பட்டா நகல் வாங்கப் போகும்போது வேண்டாம். போலீஸ்காரர் மரியாதை கொடுப்பார் என்று கழுத்துப்பட்டையோடு ஸ்டேஷனுக்குப் போகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உங்கள் அடையாள அட்டையும் சட்ட அறிவும் அங்கே போதும். பைக்கில் கவுன் போட்டு ஓட்டுவது விதி மீறல் மட்டுமில்லை, பின்சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

கவுனோடு ரீல்ஸ் போடுவதும் வேண்டாம். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று 36-ஆவது விதி இருக்கிறது, எது படம், எது விளம்பரம் என்று பார் கவுன்சிலில் போய் விளக்கம் கொடுக்கிற நிலை தேவையில்லை. என்ரோல்மென்ட் அன்று அம்மா அப்பாவை நிறுத்திவைத்துக் கவுனோடு படம் எடுப்பது முற்றிலும் வேறு விஷயம், அதைத் தாராளமாக எடுங்கள். பிள்ளைக்குக் கவுன் மாட்டிவிடும்போது அந்த அம்மாக்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், எத்தனை வருடக் கனவு அது. அன்றைக்குச் செலவு பற்றியும் பயப்பட வேண்டாம். 2024 ஜூலையில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு என்ரோல்மென்ட் கட்டணமாகப் பொதுப்பிரிவினரிடம் 750 ரூபாய்க்கு மேலும், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேலும் வாங்கக் கூடாது. மிச்சமாகிற பணத்தில் கொஞ்சம் நல்ல கோட்டாக எடுங்கள்.

என்ரோல் ஆகாதவர்கள், அதாவது மாணவர்கள், இன்டர்ன்கள், கழுத்துப்பட்டையும் கவுனும் போடக் கூடாது. வெள்ளையும் கறுப்புமாக உடுத்தி வந்தால் போதும். இன்னொன்று, உங்கள் சொந்த வழக்கில் நீங்களே கட்சிக்காரராக நிற்கும்போது வக்கீல் உடையைக் கழற்றிவிட்டு சாதாரண உடையில் நில்லுங்கள். அன்றைக்கு நீங்கள் வக்கீல் இல்லை.

வீடியோவில் ஆஜராகும்போதும் இதே உடைதான். கொரோனா சமயத்தில் 2020 மே மாதம் சுப்ரீம் கோர்ட் கோட்டும் கவுனும் வேண்டாம், வெள்ளை உடையும் கழுத்துப்பட்டையும் போதும் என்று சொன்னது அந்தக் காலத்துக்கான ஏற்பாடு. கேமராவில் இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள், ஃபைல் எடுக்க எழுந்தால் எல்லாம் தெரியும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்காராமல் கொஞ்சம் நிறமான சுவருக்கு முன்னால் உட்கார்ந்தால் முகமும் கழுத்துப்பட்டையும் தெளிவாகத் தெரியும்.

பராமரிப்பு சுலபம், ஆனால் தினமும் செய்ய வேண்டியது. வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போடாமல் அகலமான ஹேங்கரில் மாட்டி, காற்றோட்டமாக விடுங்கள். பீரோவுக்குள் ஈரத்தோடு வைத்தால் காலையில் வாடை அடிக்கும், அக்குளில் வெள்ளையாக உப்புக்கோடு விழும். உப்புக்கோட்டை ஈரத்துணியால் அன்றைக்கே துடைத்துவிட்டால் போய்விடும், ஒரு வாரம் விட்டால் துணியின் நிறமே போகும். துவைத்தால் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயப்போடுங்கள், வெயில் பட்ட கறுப்பு நரைத்துவிடும். இஸ்திரியும் உள்பக்கமாகவே, இல்லாவிட்டால் மடிப்புகளில் பளபளப்பு ஏறும். கவுனைத் துவைப்பது அடிக்கடி தேவைப்படாது, ஆனால் தோள் பக்கம் தூசியும் தலைப்பொடுகும் சேரும், பிரஷ்ஷால் தட்டுங்கள். எடுத்துப்போகும்போது தோள்கள் இரண்டையும் சேர்த்து உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து ஒரு துணிப்பையில் வையுங்கள். பார் அசோசியேஷனில் லாக்கர் கிடைத்தால் ஒரு கவுனை அங்கேயே வைத்துவிடலாம்.

கடைசியாக, மறந்துபோகிற நாள் ஒன்று எல்லாருக்கும் வரும். அதற்காகவே கேஸ் பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு கழுத்துப்பட்டையைப் பாலிதீன் உறையில் போட்டு நிரந்தரமாக வையுங்கள், இரண்டு பின்னும் ஒரு கறுப்பு நூல் ஊசியும் கூடவே. அதுவும் இல்லாமல் மாட்டிக்கொண்டால் அரைகுறை உடையில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டாம். முறையாக உடுத்தியிருக்கிற ஒரு நண்பரிடம் கேஸ் நம்பரைக் கொடுத்து, கூப்பிடும்போது பாஸ் ஓவர், அதாவது கொஞ்சம் தள்ளி மறுபடி கூப்பிடும்படி கேட்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து ஏற்பாடு செய்யுங்கள். பார் ரூமில் கேட்டால் கழுத்துப்பட்டை தராத வக்கீல் யாரும் இல்லை. வாங்கியதைத் துவைத்து, இஸ்திரி போட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.